உயிர் கொடுத்தவருக்கு அந்த உயிரிடம் என்ன கடன்?

வாவிக்கரை வாசகன் (மட்டக்களப்பு) எழுதியது:

மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்து முடித்தோம். ஒரு கேள்வியில் வட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறான். இறந்த உடல்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உருவம் செய்து அதற்கு உயிரும் கொடுத்துவிடுகிறான். நவம்பர் மாத இரவொன்றில் அது கண் திறக்கிறது. அதைப் பார்த்தவுடன் அறையை விட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கொள்கிறான். அது தேடி வந்து கட்டில் திரையை விலக்கிப் பார்க்கிறது. ஏதோ சொல்ல வாயசைக்கிறது. ஒரு கையை நீட்டுகிறது. அவன் மறுபடியும் ஓடுகிறான். மறுநாள் அது போய்விட்டது என்று கண்டதும் மகிழ்ச்சியில் கை தட்டுகிறான். கடைசி வரை அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பிராங்கன்ஸ்டைன் என்பதை அந்த உருவத்தின் பெயராகவே பலர் நினைத்திருக்கிறார்கள். அது செய்தவனுடைய குடும்பப் பெயர்.

அதன் பிறகு வருபவை கொலைகள். விக்டரின் சின்னத் தம்பி, உயிர் நண்பன், மணமான இரவிலேயே அவன் மனைவி. செய்யாத கொலைக்காக ஒரு பணிப்பெண் தூக்கிலும் ஏறுகிறாள்.

இப்படியொன்றைச் செய்ய முனைந்ததே குற்றம் என்கிறார்கள் வட்டத்தில் பாதிப் பேர். நான் அவர்களோடு இல்லை. கண் திறந்ததைக் கண்ட பின் முகத்தைத் திருப்பிக்கொண்டானே, அங்கேதான் குற்றம் தொடங்குகிறது என்கிறேன். திருத்திய 1831 பதிப்பில் விக்டர் தன் பெற்றோரைப் பற்றிப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. தாங்கள் உயிர் கொடுத்த பிள்ளைக்குத் தாங்கள் பட்ட கடனை அவர்கள் ஆழமாக உணர்ந்திருந்தார்கள் என்று நன்றியோடு சொல்கிறான். அப்படியானால் அந்தக் கடன் இன்னதென்று அவனுக்குத் தெரியாது என்று யாரும் வாதாட முடியாது. அதைக் குறைவில்லாமல் பெற்று வளர்ந்தவன் அவன்.

உங்கள் கருத்து என்ன?


களரி (கன்னன்குடா) எழுதியது:

எங்கள் பக்கத்துக்கு இது பழைய வழக்கு. 'கர்ணன் போர்' வடமோடிக் கூத்தாக ஆடப்பட்ட ஊரெல்லாம் விடிய விடிய இருந்து இதைக் கேட்டிருக்கிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும்போதும் இதே வழக்குத்தான்.

குந்தி மந்திரத்தைச் சோதித்துப் பார்த்தாள், பிள்ளை வந்தது, பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். போர் மூளும் தறுவாயில் தேடி வருகிறாள். மகனே என்று அழைப்பதற்காக மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. வரம் கேட்டு வருகிறாள். அர்ச்சுனன்மேல் நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடாதே, மற்ற நான்கு பாண்டவரையும் கொல்லாதே என்கிறாள். கர்ணன் இரண்டையும் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, நான் களத்தில் விழுந்தால் என்னை மடியில் கிடத்தி மகன் என்று சொல்லி அழு என்று கேட்கிறான். தமிழில் நாம் கேட்டு வளர்ந்த பாரதம் இப்படித்தான் சொல்கிறது.

அங்க நாட்டுக்கு அரசன் அவன். பொருள் எதுவும் வேண்டியதில்லை. நாலு பேர் அறிய மகன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விக்டருடைய படைப்பு பனிமலையில் அவனை மறித்து நின்று கேட்பதும் இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. என்னை உண்டாக்கியவன் நீ; உன் பங்கைச் செய்; நான் என் பங்கைச் செய்வேன் என்று அது கேட்கிறது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார், அவரவர் பாட்டை எழுதிச் சட்டங்கொடுக்கும் காலத்திலேயே பொடியன்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். கர்ணனுக்கு ஆடுபவன் குந்திக்கு முன்னால் கோபப்படக் கூடாது. கோபம் வந்தால் தாளமும் தப்பும், கதையும் தப்பும். அந்த இடத்தில் சபையிலிருக்கும் பெண்கள் அழுவார்கள். குந்திக்காக அழுகிறார்களா, கர்ணனுக்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.


ஓய்வுபெற்ற மருத்துவமாது (களுவாஞ்சிகுடி) எழுதியது:

தம்பி களரி, குந்தியையும் விக்டரையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டாம். குந்தி மணமாகாத பெண். ஊர் என்ன சொல்லும், தகப்பன் என்ன செய்வார் என்ற பயத்தில் செய்தாள். விட்டபோதும் பெட்டிக்குள் மெத்தென்று விரித்து, நீர் புகாதபடி மூடி, யாராவது எடுத்து வளர்க்கட்டும் என்றுதான் விட்டாள். விக்டர் ஆண். கையில் பணம் இருந்தது, தாங்குவதற்குக் குடும்பம் இருந்தது, வற்புறுத்த ஒருவரும் இருக்கவில்லை. அவன் ஓடியதற்குச் சொன்ன காரணம், அது பார்க்க அழகாக இல்லை என்பது. பாகங்களை அழகு பார்த்துப் பொறுக்கியவனும் அவன்தான்.

என் வேலைக் காலத்தில் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்ற உடனே எல்லாத் தாய்க்கும் பாசம் சுரந்துவிடாது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினால் பார்க்கமாட்டார்கள். அது நோயாகவும் இருக்கலாம், குணமாகக்கூடியது. அந்தப் பெண்ணை ஏசினால் இன்னும் மோசமாகும். ஆனால் பிள்ளைக்குப் பசி எடுத்துவிடுகிறதே! தாய்க்குப் பாசம் வரும் வரைக்கும் அது காத்திருக்காது. அம்மம்மாவோ பெரியம்மாவோ பக்கத்துக் கட்டில் பெண்ணோ தூக்குவார்கள். தாயைப் பிடித்து இருத்தி மார்பில் சேர்ப்போம். பெரும்பாலான தாய்மாருக்குப் பாசம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது.

நான் வற்புறுத்துவது இதைத்தான். கடன் பாசத்துக்குப் பின்னால் வருவதில்லை. முன்னால் நிற்கிறது. விக்டருக்கும் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் கிடந்தான். அவனுக்கு நண்பன் இருந்து பார்த்தான். பிறந்து ஒரு நாள் ஆன அந்த உருவம் காட்டில் பசியோடும் குளிரோடும் அலைந்துகொண்டிருந்தது. அதைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒருவரிடமாவது அவன் வாய் திறந்தானா?


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

மருத்துவமாது அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலை மற்றப் பக்கத்தில் இருக்கிறது.

கைவிடப்பட்டவர் என்பதால் கொலை கொலையாகாமல் போய்விடுமா? சிறுவன் வில்லியம் என்ன பாவம் செய்தான்? தூக்கிலேறிய ஜஸ்டின் என்ன செய்தாள்? வில்லியம் அணிந்திருந்த பதக்கத்தை அவளுடைய உடையில் ஒளித்து வைத்து மாட்டிவிட்டதே அந்தப் படைப்புத்தான். பேசப் பழகியிருக்கிறது, வாசிக்கிறது, நல்லது கெட்டதை எடைபோடுகிறது. அவ்வளவு அறிவு வந்த பின் அதனுடைய செயலுக்கு அதுவே பொறுப்பு. நீதிமன்றத்தில் பிள்ளைப் பருவத் துயரம் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை இல்லாமலாக்காது.

இன்னொன்று. சாகும் தறுவாயில் விக்டர் சொல்வதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சிந்திக்கக்கூடிய ஓர் உயிரை உண்டாக்கினேன், அதன் நலத்துக்கு என்னால் இயன்றதைச் செய்யக் கடமைப்பட்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். அதைவிடப் பெரிய கடமை தன் இனத்தாரிடம் இருந்தது என்றும் சொல்கிறான். அதனால்தான், தனக்குத் துணையாகச் செய்து தரும்படி அது கேட்ட பெண்ணுருவை முடிக்காமல் கிழித்துப் போட்டானாம். இதைச் சாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செய்தவனுக்குத் தன் படைப்பிடம் மட்டுமா கடன்? அயலாரிடம் இல்லையா?


வாவிக்கரை வாசகன் (மட்டக்களப்பு) எழுதியது:

ஐயா, கொலைக்குப் பொறுப்பு கொன்றவருக்குத்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கடன் முதலில் வருகிறது என்று பாருங்கள். புறநானூற்றில் 312 ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது:

"ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே."

அடுத்து வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை நல்குவது வேந்தனுக்கு. களத்துக்குப் போய் யானையை வீழ்த்தி மீளும் கடன் அந்தக் காளைக்குக் கடைசியில்தான் வருகிறது. நான்கு பேர் தங்கள் கடனைத் தீர்த்த பிறகு ஐந்தாவதாக அவன் கடன். விக்டர் முதல் இரண்டையும் தீர்க்கவில்லை. ஊராரும் தீர்க்கவில்லை: அந்த உருவம் ஒளிந்திருந்து விறகு வெட்டிக் கொடுத்த குடும்பம், அதைக் கண்ணால் கண்டதும் அடித்துத் துரத்தியது. கண் தெரியாத கிழவர் ஒருவர் மட்டும் அதோடு மனிதரோடு பேசுவதுபோலப் பேசினார். இப்படி நான்கு கடனும் நிலுவையில் நிற்க, ஐந்தாவதை மட்டும் கறாராகக் கேட்பது நியாயமா?


ஓய்வுபெற்ற மருத்துவமாது (களுவாஞ்சிகுடி) எழுதியது:

அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பெற்றதும் வளர்த்ததும் களத்துக்கு அனுப்பத்தான் என்று முடிகிறது. இந்த மண்ணில் பிள்ளைகளை அப்படி இழந்த தாய்மார் இன்னும் படங்களைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் மகன். மிச்சத்தை என்னால் கேட்க முடியவில்லை.


அக்கரை ஆசிரியை (அக்கரைப்பற்று) எழுதியது:

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியையே வேறு விதமாகத்தான் கேட்போம். படைப்பவன் அல்லாஹ் ஒருவனே. உயிர் கொடுத்தேன் என்று ஒரு மனிதன் சொன்னால், சொன்ன இடத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது. பிள்ளை எங்களுக்குச் சொந்தமில்லை. அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளாகக் கையில் தரப்பட்டிருக்கிறது. கேட்பவன் கேட்கும் நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும். இப்படி நம்பினால் கடன் குறையும் என்று சிலர் நினைக்கலாம். கூடித்தான் போகும். என் பொருளாக இருந்தால் உடைத்துப் போட்டாலும் யார் கேட்கப் போகிறார்கள்? பிறர் பொருளை அப்படிச் செய்ய முடியாது.

ஆகவே செய்ய முனைந்ததே பிழை என்று சொல்லும் பாதியோடுதான் நான் நிற்கிறேன். ஆனால் செய்த பின் கைவிட்டது அதைவிடப் பெரிய பிழை. முதல் பிழையைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். பிறந்திருக்கவே கூடாது என்று நாம் தீர்ப்புச் சொன்ன ஒரு பிள்ளைக்கும் பால் கொடுக்க வேண்டும். ஊரில் இது எங்கே தடுக்குகிறது என்று ஆசிரியையாக எனக்குத் தெரியும். பிள்ளை எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று வகுப்பறையில்கூடக் குசுகுசுப்பார்கள். குற்றம் யாருடையதோ, கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பது பிள்ளை.


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

டீச்சர், வள்ளுவர் படைத்தவனையே விடவில்லை. "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்." 1062 ஆம் குறள். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால், உலகத்தை இயற்றியவன் தானும் அலைந்து கெட்டுப்போகட்டும் என்கிறார். உங்கள் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை.


அக்கரை ஆசிரியை (அக்கரைப்பற்று) எழுதியது:

அந்தச் சாபத்தை நான் வாயால் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. பசித்தவனுக்காகப் பேசுகிறார். பசித்தவன் தவறு செய்தானா என்று அவர் முதலில் விசாரிக்கவில்லை, கவனித்தீர்களா?


பட்டிக்காரன் (கொக்கட்டிச்சோலை) எழுதியது:

நாவல் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுவதை வாசிக்கும்போது மாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

முன்பு பட்டியில் காளையும் பசுவும் தங்கள் பாட்டில் சேர்ந்தன. இப்போது பால் கூட வேண்டும் என்று செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்கிறோம். நல்லது, பால் கூடத்தான் செய்கிறது. ஆனால் நாட்டுப் பசு சிறியது. பெரிய இனத்துக் காளையின் விந்தைப் போட்டால் கன்று பெருத்து, ஈனும்போது பசு வேதனைப்படும். சில வேளை தாயும் இல்லை, கன்றும் இல்லை. பிறந்தது நாம்பன் கன்றாக, அதாவது ஆண் கன்றாக இருந்தால் பால்காரருக்கு அதனால் பயனில்லை. தாயின் பால் முழுவதையும் கறந்துவிட்டு, கன்றைத் தோலும் எலும்புமாக விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலப்பினம் எங்கள் வெயிலையும் உண்ணியையும் நாட்டு மாடுபோலத் தாங்காது. நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தீனி வேண்டும். மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சலுக்கே வழக்காக இருக்கும் காலத்தில் அதையெல்லாம் யார் பார்ப்பது?

அந்தக் கன்று தானாக வந்து பிறக்கவில்லை. நாள் பார்த்து, ஆள் அழைத்து, காசு கொடுத்து நாங்கள் பிறப்பித்தோம். ஊசி போடும் முன்பே நாம்பன் பிறந்தால் என்ன செய்வோம் என்று பட்டிக்காரன் தன்னைத்தானே கேட்க வேண்டும். பிறந்த பிறகு கேட்டால் பதில் எப்போதும் பணத்தின் பக்கமாகவே சாயும். சட்டத்தரணி ஐயா அயலாருக்குரிய கடன் என்றாரே, அதற்கும் கணக்குப் பார்க்கும் நேரம் அதுதான். விக்டருக்கு உருவம் செய்யும் காலமெல்லாம் நேரம் இருந்திருக்கிறது. இது எழும்பினால் எங்கே தங்கும், என்ன தின்னும், யாரோடு பேசும் என்று ஒரு நாளாவது யோசித்தானா?


வாவிக்கரை வாசகன் (மட்டக்களப்பு) எழுதியது:

யோசிக்கவில்லை அண்ணன். புதியதோர் இனம் தன்னைப் படைத்தவன் என்று வாழ்த்தும், எந்தத் தகப்பனுக்கும் கிடைக்காத நன்றி தனக்குக் கிடைக்கும் என்றுதான் கனவு கண்டான். தனக்கு வரவேண்டியதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கிறான்.


தம்பிலுவில்காரி எழுதியது:

வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறப்பதை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கதவு திறந்தால் சடங்கு நடக்கும், கண்ணகி கதையான வழக்குரை பாடப்படும், பூரணையை ஒட்டித் திருக்குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்தவளின் கோபத்தை ஆற்றிக் குளிர வைத்த பிறகுதான் கதவு சாத்தலாம். காரைதீவு, செட்டிபாளையம் எங்கும் முறை இதுதான். திறந்துவிட்டு, வழக்கைப் பாடிக் கோபத்தைக் கிளறிவிட்டு, குளிர்த்தி செய்யாமல் வீட்டுக்குப் போக பூசை செய்யும் எந்தக் கப்புகனாரும் துணியமாட்டார். குளிர்த்திக்கு ஆயத்தம் இல்லாத ஊர் கதவையே திறக்காது.

அம்மனை நாங்கள் படைக்கவில்லை, எனக்குத் தெரியும். எழுப்புகிறவர்களுக்குத்தான் ஆற்றும் கடமையும் என்பதை எங்கள் பெரியவர்கள் ஒரே சடங்குக்குள் கட்டி வைத்தார்கள் என்றே சொல்ல வருகிறேன். விக்டர் ஊரின்மேல் ஏவிவிட்டது ஆற்றப்படாத கோபத்தை. சட்டத்தரணி ஐயா கேட்ட அயலார் கடனும் இதில் அடங்கிவிடுகிறது. கோயிலில் அம்மன் குளிர்ந்தால் ஊருக்கு அம்மை வராது என்பார்கள். படைப்புக்குச் செய்யும் கடன் வேறு, ஊருக்குச் செய்யும் கடன் வேறு என்று அவன் பிரித்ததை நான் ஏற்கவில்லை. முன்னதைச் செய்திருந்தால் பின்னதும் நிறைவேறியிருக்கும்.


கல்முனைச் சட்டத்தரணி எழுதியது:

இது எனக்குத் தோன்றாத கோணம், தங்கச்சி. ஏற்கிறேன், அரை மனதோடு.

கதையை விட்டு உண்மையில் நடந்ததற்கு வருகிறேன். 1996 ஜூலை 5 அன்று ஸ்கொட்லாந்தின் ரொஸ்லின் நிறுவனத்தில், வளர்ந்த ஓர் ஆட்டின் கலத்திலிருந்து நகலாக உண்டாக்கிய டொலி என்ற செம்மறியாடு பிறந்தது. 277 முட்டைக் கலங்களில் முயன்று உயிரோடு பிறந்தது அது ஒன்றுதான். அதை அங்கேயே வைத்துப் பராமரித்தார்கள். ஆறு குட்டிகள் ஈன்றது. நுரையீரலில் கட்டி வந்து துன்பப்படுகிறது என்று தெரிந்ததும் 2003 பெப்ரவரி 14 அன்று வலியில்லாமல் உயிரை அடக்கினார்கள். அந்த ஆராய்ச்சி சரியா பிழையா என்பது வேறு விவாதம். உண்டாக்கியவர்கள் கடைசி வரை பக்கத்தில் இருந்தார்கள்.

2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஒருவர் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். 2019 டிசம்பரில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள். சட்டம் அவரைத் தண்டித்தது, சரி. அந்தப் பிள்ளைகளின் உடலில் செய்த மாற்றம் பத்து வயதில் என்ன செய்யும், முப்பது வயதில் என்ன செய்யும், அவர்கள் பிள்ளை பெறும்போது என்ன ஆகும்? தண்டனை இதற்குப் பதில் சொல்லாது. அந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பாதுகாப்பும் தொடர் மருத்துவக் கவனிப்பும் வேண்டும் என்று சீனாவின் அறவியல் அறிஞர்களே 2022 இல் கேட்டார்கள். செய்தவரைச் சிறையில் அடைத்தால் செய்தவருடைய கடன் யார் தலையில் விழுகிறது? நாட்டின் தலையில் என்றுதான் நான் சொல்வேன்.


ஓய்வுபெற்ற மருத்துவமாது (களுவாஞ்சிகுடி) எழுதியது:

அதேநேரம் பத்திரிகைக்காரர் கையில் அகப்படாமலும் அந்தப் பிள்ளைகளைக் காக்க வேண்டும். காட்சிப் பொருளாக்குவதும் கைவிடுவதற்குச் சமம்.


களரி (கன்னன்குடா) எழுதியது:

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. துணைக்கு ஒருத்தியைச் செய்து கொடு, நாங்கள் இருவரும் ஆளில்லாத இடத்துக்குப் போய்விடுகிறோம் என்று அது கேட்டதே. செய்து கொடுத்திருக்க வேண்டுமா, கூடாதா?


பட்டிக்காரன் (கொக்கட்டிச்சோலை) எழுதியது:

கூடாது. முதல் கன்றை வளர்க்காதவன் இரண்டாவது ஊசிக்கு ஆள் அழைக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு மனம் இருக்குமே; யாருக்குத் துணையாகப் போகச் சம்மதம் என்று அவளை யார் கேட்டார்கள்?


அக்கரை ஆசிரியை (அக்கரைப்பற்று) எழுதியது:

பட்டிக்காரர் அண்ணனோடு உடன்படுகிறேன். ஆனால் மறுத்தவன் அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். துணை வேண்டும் என்ற தேவை அதற்கு உண்மையானது.


வாவிக்கரை வாசகன் (மட்டக்களப்பு) எழுதியது:

இதற்கு என் பதிலைச் சொல்கிறேன். துணையைச் செய்வது, மறுப்பது என்ற இரண்டு வழியையே விக்டர் கண்டான். மூன்றாவது வழி அவன் காலடியிலேயே கிடந்தது. தானே துணையாக இருந்திருக்கலாம். பனிமலைக் குடிசையில் அது நாள் முழுக்கத் தன் கதையைச் சொன்னது, அவன் உட்கார்ந்து கேட்டான். அவர்கள் இருவரும் அப்படி இருந்தது அந்த ஒரு தடவைதான். அதைக் கேட்கச் சம்மதித்துப் போகும்போதே அவனுக்கே இரக்கம் வந்திருக்கிறது, படைத்தவனுக்குரிய கடமை தனக்கு உண்டு என்று முதல் தடவையாக உணர்ந்தேன் என்கிறான். மறுநாளும் போயிருக்கலாம். அப்பாவிடம் அழைத்துப் போய், இது என்னால் வந்தது என்று சொல்லியிருக்கலாம். களரி சொன்ன கர்ணன் கேட்டதும் அதுவே. அப்படிச் சொல்லியிருந்தால் ஜஸ்டினின் பெயரையாவது ஊர் முன்னால் மீட்டிருக்க முடியும். அவள் குற்றமற்றவள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, பைத்தியம் என்பார்கள் என்று பயந்து வாய் மூடியிருந்தான்.

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றாவது வழியைத்தான் எடுத்துப் பேசப் போகிறோம். மருத்துவமாது அம்மா வர முடியுமானால் வாருங்கள். பால் கொடுக்கும் கடனைப் பற்றி நீங்கள் எழுதியதை வட்டத்தில் உங்கள் வாயாலேயே கேட்க விரும்புகிறோம். பட்டிக்காரர் அண்ணன், உங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.